சர்க்கரை ஏறாத நாட்கள்

"எதத் தின்னா சக்கர சட்டுனு ஏறும், கோஸ்கி?"

எடை தூக்கும் கம்பியில் இரும்புத் தட்டைச் செருகிக்கொண்டிருந்த கோஸ்கி திரும்பிப் பார்த்தார். தேவாலயத்தின் நிலவறையில் அந்த நேரத்தில் அவர்கள் இருவர்தான். இரும்புச் சுரங்கத்தில் ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள்.

"எறங்கறதுக்குத்தான் எல்லாரும் வழி கேப்பாங்க. நீ என்னடா ஏர்றதுக்குக் கேக்கற?"

"தெரிஞ்சு வச்சுக்கலாம்னு," என்றார் ஸ்டான்.

"அதுவும் சரிதான். எதிரி எந்தப் பக்கமா வருவான்னு தெரியணும்ல." கோஸ்கி பெஞ்சில் உட்கார்ந்தார். "காலையில வெறும் வயித்துல, முட்ட கிட்ட எதையும் தொடாம, நேரா சக்கரப் பாகு ஊத்தின கேரமல் ரோல். கூடவே பெரிய கிளாஸ்ல ஆரஞ்சு ஜூஸ். அப்புறம் எழுந்திரிக்காம அப்படியே ஒக்காந்திருக்கணும். முக்கியமா, அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் இந்த இரும்பத் தொடவே கூடாது. ராக்கெட் மாதிரி போகும்."

"தொட்டா?"

"அவ்வளவா ஏறாது. அதான் போன வாரம் பாத்தமே. தூக்கி முடிச்சிட்டுப் போயி திருட்டுத்தனமா ஆப்பிள் பை தின்ன. என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. தொடையில சதை போட்டிருக்குடா உனக்கு. வர்ற சக்கரைய அது இழுத்துக்குது. முன்னாடி வெறும் எலையா மேஞ்சியே, எட கொறஞ்சுது, சக்கர கொறஞ்சுதா? மாடிப்படி ஏறவே காலு நடுங்குச்சு. ரெண்டும் சேரணும். தட்டுல முட்ட, மான்கறி, பீன்ஸ். கையில இரும்பு."

ஸ்டான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு போனை எடுத்துப் பார்த்தார். சர்க்கரை நூற்றுப் பத்து.

"பாத்தியா! டாக்டரே மாத்திரைய பாதியாக்கிட்டாரு. நீ என்னடான்னா செத்த மீன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்க."

ஸ்டான் சட்டைக்கு மேலாகவே கையைத் தடவினார். தோளுக்குக் கீழே சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டியிருந்தது. அதை முதன்முதலில் ஒட்டிவிட்டது அவர் மனைவி மார்லிஸ். அவர் போனை வாங்கி என்னென்னவோ அழுத்திச் சரிசெய்து கொடுத்ததும் அவள்தான். அவள் செய்து வைத்தது எதையும் அவர் இன்றுவரை மாற்றவில்லை.

"மார்லிஸ் கூப்பிட்டாளா?"

"இல்ல."

"எப்பருந்து?"

"ஏரியில ஐஸ் உருகினதுலேந்து."

வெளியே ஏரி மறுபடி உறையத் தொடங்கியிருந்தது.

"நீயே கூப்பிட வேண்டியதுதானடா?"

"கூப்பிட்டு?"

"நல்லாருக்கேன்னு சொல்லு."

ஸ்டான் அதைப் பற்றி யோசித்தார். இத்தனை வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும், பேச்சை ஆரம்பிக்க ஒரு வாக்கியம் அவருக்குக் கிடைத்ததில்லை. அது கிடைக்காததால்தான் அவள் டுலூத் நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். போன புதிதில் அடிக்கடி கூப்பிட்டுக் கத்துவாள். அவர் போனைச் சமையலறை மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அந்த அறையில் யாரோ இருப்பது போலிருக்கும்.

"பாப்போம்," என்றார்.

அடுத்த வாரம் முழுக்க ஸ்டான் நிலவறைப் பக்கம் வரவில்லை. இடுப்பு வலி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிக்க உணவகத்துக்குள் நுழைந்த கோஸ்கி, ஜன்னலோரத்தில் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டான் முன்னால் ஒரு தட்டு துடைத்தது போல் காலியாக இருந்தது. இரண்டாவது தட்டில் பாதி கேரமல் ரோல். பக்கத்தில் பெரிய ஜூஸ் கிளாஸ், அடியில் கொஞ்சம் நுரை.

"அடப்பாவி! செய்யாதன்னு சொன்னத ஒண்ணு விடாம செஞ்சிருக்க!"

"கொஞ்சம் இரு," என்றார் ஸ்டான். அவர் பார்வை மேசைமேல் இருந்த போனைவிட்டு நகரவில்லை.

"என்னத்த இரு? மறுபடி ஏறினா ஊசிதான்னு டாக்டர் சொன்னார்ல? கால்ல வந்த புண்ணு மறந்துபோச்சா? அந்த வெரல எடுத்துருவாங்களோன்னு ஒக்காந்து அழுதியேடா, அதுவும் மறந்துபோச்சா?"

"மறக்கல."

போனில் இருநூற்று முப்பது. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. தூரத்தில் வரும் பேருந்து தன்னுடையதுதானா என்று பார்ப்பவரைப் போல ஸ்டான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரி. ஏரியச் சுத்தி ஒரு நட போனா எறங்கிரும். வா, நானும் வர்றேன்."

"வேணாம், கோஸ்கி."

"பைத்தியமாடா உனக்கு?"

போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் ஸ்டான் எடுத்துவிட்டார். அந்தக் குரல் எதிரே நின்ற கோஸ்கிக்கே கேட்டது.

"ஸ்டான்! என் போன்ல உன் சக்கர மணி அடிக்குது. எரநூத்தம்பதத் தாண்டிருச்சாம். என்னத்த தின்னு தொலைச்ச? ஏன் பேச மாட்டேங்கற, மயக்கமா வருதா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"கோஸ்கி இருக்கான்."

"அவன்ட்ட குடு. வேணாம், நீயே சொல்லு. இத்தன மாசம் நல்லாத்தான இருந்த? ஒரு தடவகூட அடிக்கலயே. இப்ப என்ன ஆச்சு உனக்கு?"

ஸ்டான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முன்பெல்லாம் இதற்குள் மார்லிஸ் போனை வைத்திருப்பாள். இன்று வைக்கவில்லை.

"அதான் ஆச்சு, மார்லிஸ்," என்றார். "நல்லா இருந்தா உன் போன்ல மணி அடிக்க மாட்டேங்குது."