இரண்டு சொல் கேள்வி

அந்த நாட்டுக்கு வந்த ஆறாவது வாரத்தில், பிள்ளைகள் காப்பகக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் உதவியைக் கேட்டு சுகிர்தா தொலைபேசியில் அழைத்தாள். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, வேறெங்கோ இருந்து ஒரு பெண் தமிழில் மொழிபெயர்த்தாள். சுகிர்தாவின் கணவன் நகுலேசன் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும்.

“கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்யிறீங்கள் எண்டு கேக்கிறார்.”

“வேலை இல்லை. பிள்ளையை விட இடம் கிடைச்சால்தானே வேலைக்குப் போகலாம்?”

வேலையோ படிப்போ இல்லாதவர்களுக்கு உதவி இல்லை என்ற பதில் வந்தது. மொழிபெயர்ப்பவர் சொந்தமாக எதுவும் சொல்லக்கூடாது என்று அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

“வேறு ஏதாவது?” என்று அதிகாரி ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் கேட்டார்.

தமிழில் அது நீளமாக வந்தது. “வேற ஏதாவது இருக்கோ எண்டு கேக்கிறார், தங்கச்சி. வேலை தேடுறீங்களோ? ஆங்கில வகுப்புக்குப் பெயர் குடுத்திருக்கிறீங்களோ? அதுகளும் கணக்கில சேரும். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

நகுலேசன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“தேடுறன் அக்கா. போன கிழமையும் ரெண்டு கடையில கேட்டனான்.”

அந்தப் பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மறுமுனையில் வெகுநேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

“விண்ணப்பத்தில பதியிறதுக்குப் பிள்ளையின்ர பெயரை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லட்டாம்,” என்றாள் அவள்.