சுந்தரியின் இடது கை

தனசேகரன் சுவரைப் பார்த்தபடி ஏ மைனர் ஆர்பெஜியோ கேட்டார்.

சுந்தரியின் இடது கை பேஸ் கிட்டாரின் கழுத்தில் ஓடியது. நான்கு சுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, பிசிறில்லாமல் வந்தன.

தனசேகரன் எங்கள் இசைக்குழுவின் தலைவர். யாரைச் சோதித்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். முகம் தெரிந்தால் காது இரக்கப்படும் என்பது அவர் கட்சி. பேஸுக்கு ஆள் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டு மாடியில் நாங்கள் நுழையும்போதே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பொங்கல் நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று வாரம்தான். பேஸ் வாசிக்கும் இடம் ஆறு மாதமாகக் காலி. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அங்கே நின்றவன் நான்.

சுந்தரியின் விரல்கள் இன்று தடுமாறினால் அந்த இடம் அப்துல் அஜீஸுக்குப் போய்விடும். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தார். கெட்டிக்காரர்.

ஒரு கார்டின் சுரங்களைச் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பதுதான் ஆர்பெஜியோ. கேட்க எளிது. பேஸில் தந்தியும் தடிமன், கழுத்தில் விரல் வைக்கும் கட்டைக்குக் கட்டை தூரமும் அதிகம்.

ஆறு மாதத்துக்கு முன் என் மனைவி சுந்தரிக்கு பேஸ் என்றால் கல்யாண மண்டபத்தில் வயிற்றுக்குள் இடிக்கும் சத்தம், அவ்வளவுதான். அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறவள். நகங்களைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தவள்.

ஒருநாள் இடது கை நகங்களை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். வலது கையில் சிவப்புப் பூச்சு அப்படியே இருந்தது.

அதன்பிறகு சுவா சூ காங்கில் எம்ஆர்டி ரயில் ஏறினால் லிட்டில் இந்தியா வரை அவள் இடது கை கம்பியில் ஏறி இறங்கிக்கொண்டே வரும். பக்கத்தில் நின்ற ஆன்ட்டி ஒருவர் பயந்துபோய் அடுத்த கதவுக்கு நகர்ந்துவிட்டார். சப்பாத்திக் கட்டையையும் அவள் விட்டுவைக்கவில்லை.

விரல் நுனி வெடித்த வாரத்தில் போதும் என்றேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இந்தப் பிடிவாதத்தை இருபது வருடமாகத் திட்டியிருக்கிறேன். இப்போது கும்பிடத் தோன்றுகிறது.

தனசேகரன் அடுத்து எஃப் மைனர் கேட்டார்.

அதுதான் அவளுக்கு எமன். கழுத்தின் கோடியில் கட்டைகள் அகலம், சுண்டுவிரல் எட்டாது. வீட்டில் பத்துக்கு ஆறு முறை தவறியிருக்கிறது.

அவள் மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

சுண்டுவிரல் நீண்டது. நாலாவது கட்டையில் போய் ஊன்றியது.

சுரம் கனமாக, முழுசாக வந்தது. அதன்பின் மற்ற இரண்டும். கடைசிச் சுரம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

"அழுத்துற கை புதுசு. மீட்டுற கை எனக்குத் தெரிஞ்ச கைதான் லா," என்று சொல்லிக்கொண்டே தனசேகரன் திரும்பினார்.

கிட்டார் என் மடியில் இருந்தது. சுந்தரி என் இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து அதன் கழுத்தைப் பிடித்திருந்தாள். தந்தியில் இருந்தது என் வலது கை.

என் இடது கை, ஜூரோங் பட்டறை இயந்திரம் மிச்சம் வைத்த இரண்டு விரல்களோடு, முழங்காலில் சும்மா கிடந்தது.

தனசேகரன் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடையில பேஸுக்கு ரெண்டு நாற்காலி போடச் சொல்லிடுறேன்."

சுந்தரி சிவப்பு நகங்கள் இருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு வேறு வேலை இல்லை.