ஒருமை

ஒரே ஒரு தடவை இவள் மறந்துபோய்ச் சொல்லிவிடக் கூடாதா.

"சித்தி, நீங்க இங்க உக்காருங்க. ஜன்னல் உங்களுக்கு."

எலோடிக்கு ஒன்பது வயது. மறப்பதே இல்லை.

ரயில் பாரிஸைத் தாண்டி வந்துவிட்டது. வயல்கள் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்த சித்தியின் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எதிரில் அவள் கணவன் அருளப்பன் மகளின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். மகள் அதை மேலே தள்ளினாள். அவன் மறுபடி இழுத்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த இரண்டு பேரும் அவளுக்கு இல்லை.

காரைக்காலில் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை இருந்தது. முப்பத்தொன்பது வயது இருந்தது.

அவள் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்திலேயே, அருளப்பன் மகளிடம் சொன்னான். சித்திக்கு மரியாதை குடுக்கணும், நீங்கன்னுதான் பேசணும். தாயை இழந்த பிள்ளை, வருகிறவளை எடுத்தெறிந்து பேசிவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

அவளுக்காகத்தான் சொன்னான். நல்ல மனிதன்.

எலோடி அதைப் பிரெஞ்சில் புரிந்துகொண்டாள். அந்த மொழியிலும் நீ, நீங்க என்று இரண்டு உண்டு. டீச்சருக்கு ஒன்று. டாக்டருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் அதுவே. தன்னுடையவர்களுக்கு வேறொன்று.

அப்பா, நீ. படத்தில் இருக்கும் அம்மா, நீ. கீழ்வீட்டுப் பூனைகூட நீ.

சித்தி, நீங்க.

சார்த்ர் நகரத்தில் இறங்கியதும் குளிர் காதைப் பிடித்துத் திருகியது.

"உங்க ஊரு வெயில ரெண்டு டப்பாவுல அடைச்சுக் கொண்டாந்திருக்கலாம்ல?" என்றான் அருளப்பன்.

"இப்பத்தான் வரதட்சணை கேக்குறீங்களா?"

அவன் நடுத்தெருவில் நின்று சிரித்தான். எலோடிக்கு அந்த வார்த்தை தெரியாது. இருந்தாலும் சிரித்தாள்.

பேராலயத்துக்குள் ஒரே நீலம். கண்ணாடிகளில் இருந்த நீலம் தூண்களிலும் தரையிலும் எலோடியின் கன்னத்திலும் விழுந்திருந்தது. சித்தி அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். ஒருவருக்கு இவ்வளவு கிடைக்குமா?

எலோடி கையேட்டைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இந்த நாற்காலிக்கெல்லாம் கீழ, தரையில ஒரு வழி இருக்கு சித்தி. சுத்திச் சுத்தி நடுவுக்குப் போகும். இன்னைக்கு மூடி இருக்கு. நீங்க மெதுவா வாங்க, தடுக்கும்."

சித்தி மெழுகுவர்த்தி ஏற்றி முழந்தாளிட்டாள். கேட்டுவிடுவது என்றுதான் வந்திருந்தாள். கேட்க வெட்கமாக இருந்தது. வீடு கொடுத்தவரிடம், இந்த இரண்டு பேரைக் கொடுத்தவரிடம் போய், ஒரு சொல்லில் இரண்டு எழுத்தைக் குறைத்துக் கொடு என்றா கேட்பது?

நன்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெளியே வெயில் இருந்தது. சூடு இல்லாத, வெள்ளையான வெயில். பெஞ்சில் உட்கார்ந்து, அவள் காலையில் கட்டிவந்த ரொட்டியைப் பிரித்தார்கள். உள்ளே முட்டைப் பொரியலும் எலுமிச்சை ஊறுகாயும். எலோடி காரத்தில் மூக்கை உறிஞ்சியபடி கடைசித் துணுக்குவரை தின்றாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க."

போதும், இதுவே போதும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. நிலையத்தில் ரயில் காத்திருந்தது. அருளப்பன் பைகளோடு முதலில் ஏறி இடம் தேடி உள்ளே போனான். பின்னால் எலோடி. கடைசியாகச் சித்தி படியில் கால் வைக்கும்போதுதான் திரும்பிப் பார்த்தாள். நடைமேடையில் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் எலோடியின் சிவப்புக் கையுறை ஒன்று கிடந்தது.

ஓடினாள்.

கணுக்கால்வரை நீண்ட கோட்டு காலைத் தடுத்தது. குனிந்து கையுறையை எடுத்தபோது, கதவு மூடப்போகிறது என்கிற ஒலி கேட்டது.

"வா!"

எலோடி கதவில் நின்றிருந்தாள். ஒரு கை கம்பியில். மறு கையை வெளியே நீட்டியிருந்தாள்.

"நீ வா! சித்தி, ஓடி வா! என்ன பண்ற நீ? வா!"

யாரையோ வழியனுப்ப வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் குழம்பிப்போய்ப் பார்த்தார். அவர் மொழியில் ‘வா’ என்றால் போ. கையை இப்படி நீட்டிக்கொண்டு யாராவது போ என்று கத்துவார்களா?

சின்ன விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தன. பின்னால் கதவு மூடியது.

"உன்ன விட்டுட்டுப் போயிருக்கும்." எலோடிக்கு அழுகை வந்துவிட்டது. "உன்ன விட்டுட்டே போயிருக்கும்."

ரயில் நகர்ந்தது. மூச்சு இன்னும் இறங்கவில்லை. உட்கார்ந்தார்கள். பிடித்த கையை எலோடி விடவில்லை.

அருளப்பனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"எலோடி. சித்தியப் போய் வா போன்னு பேசுறியா? இதான் நான் சொல்லிக் குடுத்த மரியாதையா?"

குழந்தையின் முகம் சிறுத்துப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாய் அந்தப் பழைய சொல்லுக்குத் தயாரானது.

அவள் முந்திக்கொண்டாள். எலோடியின் கையை மடியில் எடுத்து வைத்துக் கையுறையை மாட்டிவிட்டாள். விரல் விரலாக. ரயிலுக்குள் குளிரே இல்லை.

"நீயே சொல்லு அவகிட்ட," என்றான் அருளப்பன். கோபம் இல்லை. இப்போதும் அவளுக்காகத்தான் பேசினான். "நீங்கன்னு சொல்லச் சொல்லு. இப்ப விட்டா இப்படியே பழகிடும்."

அவள் கடைசி விரலையும் மாட்டி முடித்தாள்.

"சொல்ல மாட்டேங்க," என்றாள்.