பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் நடுவே

"அந்தப் பூன எங்க வீட்டு மீன்கொழம்ப நக்கிட்டு டீச்சர்."

"அடிப்பாவி! அப்பறம்?" என்றாள் விஜயம் டீச்சர்.

மீன் என்ற பேச்சு வந்தாலே மூக்கைப் பொத்துகிற அக்ரஹாரத்தில் பிறந்தவள், பூனை குழம்புச் சட்டியை எப்படிக் கவிழ்த்தது என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மணி பன்னிரண்டே முக்கால். எல்.கே.ஜி.யின் மற்ற இருபத்தெட்டுப் பிள்ளைகளும் பன்னிரண்டரைக்கே வேனிலும் ஸ்கூட்டரிலும் ஏறிப் போயாயிற்று. வராந்தாவில் ஸ்நேகா ஒருத்திதான் மிச்சம். அவள் அம்மா கௌசல்யா ஒரு மணிக்குத்தான் வருவாள். மூன்று மாதமாய் இதே கதைதான்.

இந்த அரைமணி நேரத்துக்காகத்தான் விஜயம் டீச்சர் தினமும் குளித்து, புடவை கட்டி, பேரூர்க்கடை பஸ் ஏறுகிறாள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

வகுப்பில் இங்கிலீஷ். மற்ற டீச்சர்களோடு மலையாளம். வட்டியூர்க்காவில் அவள் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே வீட்டுக்காரர்கள் தங்கமானவர்கள்தான். "சுகமாணோ டீச்சரே" என்பார்கள். "சுகம்" என்பாள். அத்தோடு சரி.

அம்மா இருந்தவரைக்கும், ரசத்தில் உப்புக் கூடிப்போச்சு என்று தமிழில் சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்தது. அம்மா போய் இரண்டு வருஷம். இனி வீட்டில் தமிழ் பேசுவதென்றால் சுவரோடுதான் பேச வேண்டும். ஐம்பத்துநாலு வயதில் அதுவும் நன்றாகவா இருக்கும்?

"எந்தா டீச்சரே, இந்நும் வந்நில்லே?"

இன்றைக்கும் வரவில்லையா என்று கேட்டபடி வந்தாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அஸ்வதி மேடம். விஜயம் டீச்சரைவிடப் பதினைந்து வயது சின்னவள், கறார் பேர்வழி.

"பாவம் மேடம், ஹோட்டல் பணியல்லே..." என்று இழுத்தாள் விஜயம் டீச்சர்.

மேடம் கேட்கிற மாதிரி இல்லை. இன்றைக்கு அந்த அம்மா வரட்டும், நானே நேரில் கேட்கிறேன், நாளையிலிருந்து குழந்தையைப் பன்னிரண்டரை வேனில் ஏற்றிவிடுவோம் என்று மலையாளத்தில் சொன்னாள். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாளையிலிருந்து வேன் என்றால், நாளையிலிருந்து எல்லாம் பன்னிரண்டரைக்கே முடிந்துபோகும்.

மேடம் சாப்பிடப் போகிறவரைக்கும் கௌசல்யா வரக் கூடாதே என்று பத்மநாப சுவாமியை வேண்டிக்கொண்டாள். ஸ்நேகா முந்தானையைப் பிடித்து இழுத்துப் பூனைக் கதையின் மிச்சத்தைச் சொன்னதுகூட அவள் காதில் ஏறவில்லை.

சரியாக ஒரு மணிக்கு கேட் திறந்தது.

கௌசல்யா, அப்போதுதான் காய்கறி நறுக்கி முடித்தவள் போலக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வள்ளியூர்க்காரி. பேரூர்க்கடையில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை.

எல்.கே.ஜி. விடுவது பன்னிரண்டரைக்கு, நீ தினமும் அரைமணி நேரம் தாமதமாய் வருகிறாயே, என்ன காரணம் என்று மேடம் கேட்டாள்.

கௌசல்யா மேடத்தைப் பார்த்தாள். பிறகு விஜயம் டீச்சரைப் பார்த்தாள்.

விஜயம் டீச்சர் சட்டென்று குனிந்து ஸ்நேகாவின் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த பத்தாம் நாள், வகுப்பு நேரம் போட்டு சர்க்குலர் வந்தபோது, "மலையாளம் படிக்கத் தெரியாது, நீங்களே பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்று அந்தத் தாளை நீட்டியவள் கௌசல்யா. எல்.கே.ஜி. ஒரு மணிக்குத்தான் விடும் என்று அதைப் பார்த்துச் சொன்னவள் விஜயம் டீச்சர்.

இப்போது கௌசல்யா அதைச் சொன்னால் மானம் போகும். வேலையும் போகும். நியாயமாய்ப் பார்த்தால் போகத்தான் வேண்டும்.

"ஹோட்டல்ல பணி கழியணும் மேடம். ஒரு மணி ஆயிரும். வேன் வேண்டாம், வீட்ல ஆளில்ல" என்றாள் கௌசல்யா.

அப்படியானால் எழுதிக் கொடு என்றாள் மேடம்.

எழுதியதும் விஜயம் டீச்சர்தான். வேலை காரணமாக என்னால் தினமும் தாமதமாகத்தான் வர முடியும் என்று மலையாளத்தில் எழுதுவதற்குள் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தும்படி ஆயிற்று. கௌசல்யா அதன் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். மேடம் தாளை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

விஜயம் டீச்சர் கேட் வரைக்கும் கூடவே நடந்தாள். என்னவென்று மன்னிப்புக் கேட்பது?

"கௌசல்யா, நான் வந்து..."

"எனக்கு வேல பன்னெண்டுக்கே முடிஞ்சிரும் டீச்சர்." கௌசல்யா மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "அந்தா, எதுத்த பஸ் ஸ்டாப்புலதான் உக்காந்துருப்பேன். மத்த பிள்ளைங்க போறதெல்லாம் பாத்துட்டுத்தான் இருப்பேன். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும்னு..."

விஜயம் டீச்சர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கௌசல்யா மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். இரண்டடி போனவள், ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பிக் கேட்டாள்.

"நாளைக்கும் ஒரு மணிதான டீச்சர்?"