அந்த ஆளின் பேர்

அறைக்குள் வந்ததும் பெரியவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். யாருமில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

அமெரிக்காவில், பார்சிப்பனியில் மறதி நோய் பார்க்கும் டாக்டர் நாகலக்ஷ்மியிடம் அவரை அழைத்து வந்தது மகன் திருமூர்த்தி. அவர்கள் ஊர், இந்தியப் பெருங்கடலில் ஒரு சின்னத் தீவு நாடு. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்களின் வம்சம். கற்ற இங்கிலீஷெல்லாம் மறந்துபோய், தமிழ் மட்டும்தான் அவரிடம் மிச்சம். அதனால்தான் தமிழ் டாக்டராகத் தேடி வந்திருந்தார்கள்.

மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளைக் கேட்டாள்.

என்ன வருஷம்? தெரியவில்லை. என்ன மாதம்? சிரித்தார். மனைவி பேர்? யோசித்துப் பார்த்தார். கண் கலங்கியது.

"சரி ஐயா, உங்க நாட்டுல இப்போ பிரசிடென்ட் யாரு?"

பெரியவரின் முகம் வெளிறியது. எழுந்து வந்து அவள் வாயைப் பொத்தினார். உள்ளங்கை வியர்த்திருந்தது.

"மெதுவா, தாயி. அந்த ஆளைப் பத்திப் பேசினவங்களையெல்லாம் கொண்டுபோய்க் கடல்ல தள்ளிட்டாங்க. என்னைத் திருப்பி அங்க அனுப்பிடாத."

காலில் விழப் போனவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள். உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. இந்த மனுஷர் அங்கே என்ன பாடு பட்டாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பாவை அங்க திரும்பக் கூட்டிட்டுப் போகாதீங்க. இங்கேயே அடைக்கலம் கேட்டு அசைலம் அப்ளை பண்ணுங்க, நான் லெட்டர் தரேன்."

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்களுக்கு வேற லெட்டர் வேணும், டாக்டர். அவர் மூளையில ஒரு கோளாறும் இல்லேன்னு. அடுத்த மாசம் எலக்‌ஷன்."

"எலக்‌ஷனுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் காரிடாரின் இரு பக்கமும் பார்த்தான்.

"இங்க வேற பேர்ல ரிஜிஸ்டர் பண்ணியிருக்கோம், லெட்டர்ல மட்டும் நிஜப் பேரைப் போடணும். இருபத்தெட்டு வருஷமா அப்பாதான் அங்க பிரசிடென்ட். அவர் இறங்கினா மறுநாளே எங்க எல்லாரையும் உள்ள தள்ளிடுவாங்க. கெஞ்சிக் கேக்கறேன், டாக்டர்."

அவன் கைகூப்பினான்.

நாகலக்ஷ்மி தலையை அசைத்தாள். "என்னால முடியாது" என்றாள்.

"அப்போ வேற டாக்டரைப் பாத்துக்கறோம்." அவன் கதவைத் தள்ளினான். அது அசையவில்லை.

அவள் கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

பெரியவர் கதவை முட்டும்படி நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.