தனித்தனிச் சானல்

கொங்கு மண்ணின் மானம் இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் காப்பாற்றப்பட்டாக வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது.

அறிவித்தவர் திருமலைசாமி. இடம், கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியிலிருந்த ஒலிப்பதிவுக் கூடம். கேட்டுக்கொண்டிருந்தது இரண்டே பேர்: கூடத்தை நடத்தும் மோகனப்பிரியா, அவருடைய கணினி.

திருமலைசாமி ஒரு கல்யாண மண்டப அறக்கட்டளையின் தலைவர். மண்டபத்துக்கு நாளை திறப்பு விழா. பாட்டு இன்று பன்னிரண்டு மணிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். விழாப் பாட்டை அவரே எழுதியிருந்தார். ‘எல்லாரும் வாங்க, ஒரே பந்தியில் உக்காருங்க’ என்பது பல்லவி. எழுதி முடித்ததும் கண் கலங்கிவிட்டதாக அவரே சொன்னார்.

பாட்டில் குறை இல்லை. மேளத்தில்தான் குறை.

மேளம் கணினியிலிருந்து வருவது. தவில், பம்பை, உருமி, பறை என்று நம் பக்கத்து மேளங்கள் நான்கை ஒவ்வொரு அடியாகப் பதிந்து அடக்கிய மென்பொருள். சும்மா விட்டால் நான்கும் கலந்து ஒரே சானலில் வரும். முந்தின நாள் அனுப்பிய மாதிரியில் அப்படித்தான் வந்திருந்தது.

அதைக் கேட்டதிலிருந்து தலைவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

தவில் கோயில் வாத்தியம், இருக்கட்டும். பம்பையும் உருமியும் சாமி அழைக்கிற மேளம், போகட்டும். நாலாவது எதற்கு? அதன் பெயரைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. ‘அது’ என்றார். தான் எழுதிய பாட்டில் ‘அது’ தவிலை ஒட்டி உட்கார்ந்திருந்தால் சொந்தபந்தம் என்ன நினைக்கும் என்று கேட்டார்.

ஒரே பந்தி என்று எழுதியது சாப்பாட்டுக்காம். மேளத்துக்கு இல்லையாம்.

“ஏனுங்க அம்மணி, ஒண்ணொண்ணையும் தனித்தனியாப் பிரிச்சுப்போடுங்க. எதை வெச்சுக்கறது, எதைத் தள்றதுன்னு அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

அது இல்லாமல் பாட்டு நடக்காது என்று மோகனப்பிரியா ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அந்தப் பாட்டில் அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பறை ஒன்றுதான். மற்றதெல்லாம் கூலிக்குச் செய்த வேலை.

கோயமுத்தூரில் வேறு ஸ்டுடியோ இல்லாமலா போய்விட்டது என்று தலைவர் சிரித்துக்கொண்டே விசாரித்தார். எங்கள் ஊரில் மிரட்டலுக்கும் மரியாதை குறையாது.

மோகனப்பிரியா பிரித்தார். மென்பொருளுக்குள் ஒவ்வொரு மேளத்துக்கும் ஒரு தனி வழி. மிக்ஸரில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு சானல். தவிலை முதலில் வைக்கச் சொன்னார் தலைவர். அதற்குச் சந்தன நிறம் கொடுக்கச் சொன்னார். பறையைக் கடைசியில் வைக்கச் சொன்னார்.

பறைக்கும் உருமிக்கும் நடுவில் ஒரு காலிச் சானல் விடச் சொன்னார்.

விட்டாயிற்று.

பிறகு மோதிரம் போட்ட விரலை நீட்டி, பறையின் சானலை அவரே அணைத்தார். ஒரு தீர்மானம் நிறைவேறிய முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். பாட்டு ஓடியது.

பறை கேட்டது. சன்னமாக, எங்கேயோ தள்ளி நின்று அடிப்பது போல.

சாய்ந்த வேகத்தில் எழுந்தார். “வெளிய நிறுத்துனா ஊட்டுக்குள்ள வந்து நிக்குது!”

கோளாறு ஒன்றும் இல்லை. திரையில் இன்னொரு சானல் இருந்தது, மேளங்களைப் பதிந்த அறையின் மைக்குக்கானது. எந்த மேளத்தை அடித்தாலும் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் அதில் விழும். நான்கு மேளமும் அதில் கலந்தே கிடக்கும். பிரிக்க வழி கிடையாது.

அப்படியானால் அறையையும் அணைக்க உத்தரவாயிற்று. மோகனப்பிரியா மறுபேச்சு இல்லாமல் அணைத்தார்.

பறை போயிற்று. கூடவே பாட்டும் போயிற்று. தவில், டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டுவது போலக் கேட்டது. தலைவரின் ஒரே பந்தியில் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்ட மாதிரி இருந்தது.

மணி பதினொன்றே முக்கால்.

தலைவர் கூரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அறையைக் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பாட்டு எழுந்து நடந்தது.

தள்ளி நின்று அடித்தால் தப்பில்லை, தன் அப்பா காலத்திலும் வாசலுக்கு வெளியேதான் அடித்தார்கள் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இதைவிட நாகரிகமாக ஒருவரை அவமதிக்க இந்த ஜில்லாவில் இன்னும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

மனம் ஆறியதும் தவிலைக் கவனித்தார். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். இது தஞ்சாவூர்க் கை, பரம்பரைக் கை, தன் காது பொய் சொல்லாது என்றார்.

“யாருங்க அந்த வித்வான்? பேரைக் குடுங்க. நாளைக்கு மேடையேத்திப் பொன்னாடை போடோணும். முதல் பந்தியில என் பக்கத்து இலையில உக்கார வெச்சுச் சோறு போடோணும்.”

நிச்சயமாக உட்கார வைப்பீர்களா என்று மோகனப்பிரியா கேட்டார்.

ஆனைமலை மாசாணியம்மன் மேல் சத்தியம் செய்தார் தலைவர். அந்த அம்மன் பேரில் பொய்ச் சத்தியம் செய்தவன் என்ன ஆவான் என்பது அவருக்கும் தெரியும்.

மோகனப்பிரியா ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதிக் கொடுத்தார். தலைவர் அங்கேயே நின்றபடி பிளக்ஸ் கடைக்குப் போன் போட்டு, ‘தவில் சக்கரவர்த்தி கந்தப்பன்’ என்று எழுத்துக் கூட்டிச் சொன்னார். எழுத்து தன் படத்துக்குச் சமமான அளவில் இருக்க வேண்டும் என்றார். பாட்டை வாங்கிக்கொண்டு, மானத்தைக் காப்பாற்றிய களைப்போடு படியிறங்கினார்.

கந்தப்பன் பறை அடிப்பவர். மோகனப்பிரியாவின் அப்பா. அந்த மென்பொருளில் நான்கையும் அடித்தது அவர் ஒருவர்தான்.