முதல் போன் மாமியாருக்கு

“டெய்லரே, எங்க கடன் ஆப் உன் போன்ல இருக்கிறவரைக்கும் நீ போட்டுவைக்கிற நம்பர் எல்லாம் இங்க வந்துடும். யார்கிட்ட முதல்ல பேசட்டும்?” என்றான் வசூல்காரன் போனில்.

“வாங்கினதுக்கு மூணு மடங்கு கட்டிட்டேன் சார். நீங்க பேசின பேச்சுல கடைக்கு ஒருத்தரும் துணி கொண்டுவர்றதில்லை. சொந்தக்காரங்களையாவது விட்டுடுங்க.”

“அப்போ மாமியார்தான்.”

“அவங்க வேண்டாம் சார். ரொம்பக் கோபக்காரங்க.”

வசூல்காரன் குஷியாகி, ‘மாமியார்’ என்றிருந்த எண்ணுக்குப் போன் போட்டான்.

“உன் மாப்பிள்ளை கடன் வாங்கிட்டு ஏமாத்தறான். நீ கட்டு. இல்லேன்னா குடும்ப மானத்தைக் கப்பலேத்திடுவேன்.”

“மானம் போகக் கூடாதுங்க. வட்டி எவ்வளவு?”

“வாரத்துக்கு நூத்துக்கு இருபது. கட்டலைன்னா அவன் கையை ஒடிப்போம்.”

“தைக்கிற கையாச்சேங்க. நேர்லயே வந்துடறேன். எங்க வரணும்?”

முகவரியைச் சொல்லிவிட்டு, “மாமியார்னா இப்படி இருக்கணும்” என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டான்.

அரை மணி நேரத்தில் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. நாலு கான்ஸ்டபிள்களோடு ஓர் இளம்பெண் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

“மேடம், நீங்க...?”

“மாமியார். நேத்து டெய்லர் புகார் கொடுத்தப்போ, என் நம்பரை அந்தப் பேர்ல போட்டுக்கச் சொன்னதே நான்தான். நீங்க முதல்ல அங்கதானே கூப்பிடுவீங்க? பேசினதெல்லாம் பதிவாயிருக்கு.”

விலங்கை மாட்டிவிட்டுக் கான்ஸ்டபிளிடம் திரும்பினார்.

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. அதுக்குள்ள மாப்பிள்ளை சரியில்லைன்னு போன் பண்றான்.”